ஓர் அட்டை மாத்திரை தேடி, ஊரப்பாக்கத்திலிருந்து மேடவாக்கம் வரை

சனிக்கிழமை, காலை 5.40

கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்தில் இறங்கியபோது விடிந்துகொண்டிருந்தது. புதுக்கோட்டையிலிருந்து முந்நூற்று அறுபது கிலோமீட்டர், டிக்கெட் நானூற்றுப் பத்து ரூபாய். நில அளவைத் துறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தூரத்தைச் சொல்லாமல் எந்த ஊரைப் பற்றியும் எனக்குப் பேச வராது. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இது ஊர் சுற்றிப் பார்க்கக் கிளம்பிய பயணம் இல்லை. ஊரப்பாக்கத்தில் இருக்கும் என் தங்கை மங்கைக்குப் புற்றுநோய். மார்பில் தொடங்கி முதுகெலும்புக்கு வந்துவிட்டது. இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்கள் அனுப்பிவிட்டு இரண்டு மாதம் ஆகிறது. அவள் கணவர் ரகுபதி வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் செய்து, "மச்சான், நீங்க கொஞ்சம் வந்தா நல்லா இருக்கும்" என்றார். அப்படியெல்லாம் கேட்கிற மனிதர் இல்லை அவர். அன்றே பையை எடுத்துவிட்டேன்.

நிலைய வாசலில் ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டு நூற்றிருபதுக்கு வந்தார். மூன்று கிலோமீட்டர்தான்.

"இன்னா சார், ஒறவுக்காரங்களா?"

"தங்கச்சி வீடு. உடம்பு சரியில்ல."

"இன்னா உடம்புக்கு?"

"கேன்சர்."

அவர் பாட்டை நிறுத்திவிட்டார். "பேஜாரான நோவு சார் அது" என்றார். ஊரப்பாக்கம் ரயில் நிலையம் தாண்டி, இரண்டாவது தெருவில் இறக்கிவிட்டார்.

காலை 6.05

ரகுபதி கேட்டைத் திறந்தார். ஷேவ் செய்து நாலு நாள் ஆகியிருக்கும். மறைமலைநகரில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தவர். சட்டையின் மேல் பொத்தானைக்கூடப் போடாமல் அவரை நான் பார்த்ததில்லை. அன்று பனியனோடு நின்றார்.

உள்ளறையில் மங்கை இடது பக்கமாகச் சுருண்டு படுத்திருந்தாள். வாயில் ஒரு கைத்துண்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கூடுவாஞ்சேரியில் ஒரு பள்ளியில் இருபத்திரண்டு வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற குரல். என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துவிட்டு, "வாங்கண்ணே" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கே நெற்றியெல்லாம் வேர்த்தது. உடனே துண்டைத் திரும்ப வைத்துக்கொண்டாள்.

சமையலறையில் ரகுபதி விஷயத்தைச் சொன்னார். மங்கைக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு முறை மார்ஃபின் மாத்திரை. அதைப் போட்டால் எழுந்து உட்கார்ந்து பேப்பர் படிப்பாள், அவரைத் திட்டுவாள், இரண்டு இட்லி சாப்பிடுவாள். ஆனால் அபினிலிருந்து எடுக்கிற மருந்து என்பதால் அது போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகிறது. அனுமதி வாங்கிய இடத்தில்தான் கிடைக்கும். நகரத்துக்குள் அவர்கள் வாங்கிவந்த மருத்துவமனையில் அனுமதியைப் புதுப்பிப்பதில் ஏதோ தாமதம், சரக்கு வரவில்லை. புதன்கிழமை போனார், இல்லை. வெள்ளிக்கிழமை காலை போனார், திங்கள்கிழமை வந்து பாருங்கள் என்றார்கள். கடைசி மாத்திரை வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு தீர்ந்துவிட்டது. பக்கத்து நர்சிங் ஹோமில் வேறு ஊசி போட்டார்கள்; விடிய விடிய வாந்திதான் மிச்சம்.

"திங்கக்கிழமை வரைக்கும் எப்படி மச்சான்?" என்று கேட்டவர் அடுப்பைப் பற்றவைக்காமலே அதன் மேல் பால் பாத்திரத்தை வைத்துவிட்டு நின்றார்.

அவரை அவளோடு இருக்கச் சொல்லிவிட்டு மருந்துச் சீட்டு, சிகிச்சைக் கோப்பு, அவளுடைய ஆதார், என்னுடைய ஆதார் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டேன். இவ்வளவு பெரிய ஊர். தெருவுக்கு மூன்று மருந்துக் கடை. மதியத்துக்குள் வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன்.

காலை 8.20

ஊரப்பாக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் ஐந்து ரூபாய். என்னோடு ஏறிய ஒரு குடும்பம் மிருகக்காட்சிசாலை எத்தனை மணிக்குத் திறக்கும் என்று விசாரித்து, இறங்கவேண்டிய வண்டலூரைத் தாண்டி வந்துவிட்டது தெரிந்து சிரித்துக்கொண்டே பெருங்களத்தூரில் இறங்கியது. ஜன்னலுக்கு வெளியே நல்ல வெயில் வந்துவிட்டது.

மேற்குத் தாம்பரத்தில் முதல் கடையில் சீட்டை நீட்டினேன். படித்துப் பார்த்தவர் இல்லை என்று தலையை ஆட்டினார். இரண்டாவது கடையில், "இதெல்லாம் வைக்கிறதில்ல சார்" என்றார்கள். மூன்றாவது கடையில் கல்லாவில் இருந்தவர் சீட்டை வாங்கிப் பார்த்ததும், சுட்டதுபோல் கண்ணாடிப் பலகையின் மேல் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"சார், இத இங்க காட்டாதீங்க. கேமரா ஓடுது."

"டாக்டர் எழுதினதுதானே?"

"யார் எழுதினா என்ன சார். போன மாசம் பக்கத்துக் கடைல போலீஸ் வந்து மொத்தத்தையும் கவுத்துப் போட்டுப் பாத்தாங்க. எங்களுக்குக் குடும்பம் இருக்கு."

நான்காவது கடைக்காரர் சீட்டைப் பார்க்கவேயில்லை. என் கையைப் பார்த்தார். முழங்கை மடிப்பில் ஊசித் தழும்பு இருக்கிறதா என்று தேடுகிறார் என்று எனக்குப் புரியவே சிறிது நேரம் ஆனது. எனக்கு அறுபத்தொரு வயது. சட்டைக் கையை நானே மேலும் கொஞ்சம் மடித்துக் காட்டினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஏழாவது கடையில் ஒரு பெண் மட்டும் குரலைத் தணித்துக்கொண்டு, "கீழ்க்கட்டளைல கருணாகரன்னு ஒருத்தர் முன்னாடி இத வச்சிருந்தாரு சார். இப்ப இருக்கான்னு தெரியாது, கேட்டுப் பாருங்க" என்று தெரு அடையாளம் சொன்னாள். மணி பத்தேகால். ரகுபதி இரண்டு முறை அழைத்திருந்தார்.

காலை 10.20

ரயில் நிலையத்துக்குத் திரும்பும்போது ஒருவன் என்னோடு சேர்ந்து நடந்தான். முப்பது வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பைக் சாவி.

"பெர்சு, கடைல தர்லியா? நானும் பாத்துகினுதான் கீறேன். அந்தச் சீட்ட வச்சிகினு இன்னும் ரெண்டு கடை ஏறினா போலீசுதான் வரும். இன்னாத்துக்கு, வலிக்கா?"

நான் நடையை வேகமாக்கினேன். கூடவே வந்தான்.

"யாருக்கு?"

"தங்கச்சிக்கு" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சீட்டோடு கடை ஏறத் தொடங்கியதிலிருந்து அதை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவன்தான்.

"நம்மகிட்ட கீது. சீட்டு, ஆதாரு ஒண்ணும் வாணாம். பத்து மாத்திர அறுநூறு. காலேஜ் பசங்க இத்தத்தான் வாங்கினு போறாங்க. எந்த வலியா இருந்தாலும் நிக்கும்."

அட்டையைக் காட்டினான். வெள்ளை மாத்திரைகள். பெயர் அச்சடித்திருக்க வேண்டிய ஓரம் கத்தரிக்கப்பட்டிருந்தது. பத்தடி தூரத்தில் ஆட்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவன் ஒன்றும் ஒளிக்கவில்லை. காலையிலிருந்து பார்த்த ஏழு கடைக்காரர்களிடமும் இருந்த பயம் அவனிடம் மட்டும் இல்லை.

எனக்கு மங்கையின் வாயில் இருந்த துண்டுதான் கண்ணில் நின்றது. முப்பத்தோரு வருட வேலையில் ஒரு வரப்பை ஒரு அடி தள்ளிப் போட்டதில்லை என்று ஊரில் சொல்லிக்கொள்கிறவன் நான். அறுநூறு ரூபாயை எடுத்துக் கொடுத்து, அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அவன், "தங்கச்சிய பாத்துக்க பெர்சு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

உடனே ஊரப்பாக்கம் வண்டி ஏறியிருப்பேன். ஆனால் எத்தனை மாத்திரை கொடுப்பது? ஒன்றா, பாதியா? யாரிடமாவது கேட்க வேண்டும். அந்த ஒரு சந்தேகத்தில்தான் எதிர்ப்பக்க நடைமேடைக்குப் போய்ப் பல்லாவரம் வண்டியில் ஏறினேன்.

காலை 11.15

பல்லாவரத்தில் இறங்கி ரேடியல் சாலையில் ஷேர் ஆட்டோ. கீழ்க்கட்டளைக்கு நாலு கிலோமீட்டர், இருபது ரூபாய். கருணாகரனின் கடை பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு மாவு மில்லுக்குப் பக்கத்தில் இருந்தது. அறுபதைத் தாண்டிய, ஒல்லியான மனிதர். இருமல் மருந்து வாங்க வந்த பெண்ணுக்கு மூடியைத் திறந்து அளவு காட்டிக்கொண்டிருந்தார். அவள் போனதும் என் சீட்டை வாங்கி, கோப்பையும் கேட்டு வாங்கி, முதல் பக்கத்திலிருந்து படித்தார்.

"வலி எப்பேர்ந்து இருக்கு?"

"நேத்து மத்தியானத்துலேர்ந்து."

"இப்ப எங்கிட்ட இல்ல சார். வைக்கிறத விட்டுட்டேன்."

அப்போதுதான் நான் சட்டைப் பையிலிருந்து அந்த அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்து, இதில் எத்தனை கொடுக்கலாம் என்று கேட்டேன்.

அவர் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். சுவரில் இடித்தது. "எங்க வாங்கினீங்க? மொதல்ல இத எடுங்க. எடுங்க சார்! என் கடைய விட்டு வெளிய கொண்டுபோங்க!" குரல் உடைந்தது. நான் பயந்துபோய் அட்டையை எடுத்தேன்.

"பேரே இல்லாத மாத்திர. அந்தம்மா இருக்கிற நிலைமைல ஒண்ணு குடுத்து மூச்சு நின்னுபோச்சுன்னா என்ன பண்ணுவீங்க? வழில உங்கள நிறுத்தி இத எடுத்தா, உங்களுக்கும் எனக்கும் என்ன ஆகும் தெரியுமா?"

வெளியே போய், தெருமுனையில் மூடி பெயர்ந்து கிடந்த சாக்கடையில் பத்து மாத்திரைகளையும் ஒவ்வொன்றாகப் பிதுக்கிப் போட்டேன். அட்டையையும் கிழித்துப் போட்டேன். திரும்பி வந்தபோது அவர் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார். தானும் குடித்தார்.

"தப்பா நினைக்காதீங்க" என்று ஆரம்பித்து, தன் கதையைச் சொன்னார். கேட்காமலேதான் சொன்னார்.

பதினோரு வருடம் அவர் அனுமதி வாங்கி மார்ஃபின் வைத்திருந்தார். அதில் லாபம் ஒன்றும் கிடையாது. சுற்று வட்டாரத்தில் வேறு யாரும் வைக்காததால் வைத்தார். ஒருநாள் மாலை ஒரு நோயாளியின் மகன் ஓடி வந்தான். அம்மா வாந்தியில் மாத்திரையை வெளியே எடுத்துவிட்டாள், இரண்டு கூடுதலாக வேண்டும் என்றான். தெரிந்த பையன், தெரிந்த வீடு. காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று கொடுத்தார்.

"காலைல நான் கடை திறக்கும்போது சோதனைக்கு வந்தவங்க வாசல்ல நின்னுட்டு இருந்தாங்க சார். பதிவேட்டுல முப்பத்தெட்டு. டப்பால முப்பத்தாறு."

இருபத்து மூன்று நாள் உள்ளே இருந்தார். வழக்கு மூன்று வருடம் நடந்தது. அந்தப் பையன் சாட்சிக் கூண்டில் நின்று உண்மையைச் சொன்னான், விடுதலை ஆனார். அதற்குள் மகளுக்கு நடந்த நிச்சயதார்த்தம் நின்றுபோயிருந்தது. 'போதை மருந்துக் கேஸ் வீடு' என்று சொல்லிவிட்டார்கள்.

"உள்ள எங்கூட பதினோரு பேர் சார். முக்காவாசி இருபது இருபத்தஞ்சு வயசு. ஒருத்தன்கிட்ட ரெண்டு பொட்டலம், ஒருத்தன்கிட்ட ஒண்ணு. ஒரு பையன் பழக்கம் விட்டதுல ஒடம்பு தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. அவனுக்கு டாக்டரக் கூப்பிடுங்கன்னு நான்தான் கத்தினேன். 'வெளியவும் மருந்து வித்த, இங்கயும் மருந்து கேக்குறியா'ன்னு சிரிச்சாங்க. நாலாம் நாள்தான் கூட்டிட்டுப் போனாங்க. அவன் திரும்பி வரல. என்ன ஆனான்னு யாரும் சொல்லல." டம்ளரை ஓரமாகத் தள்ளி வைத்தார். "லாரி வச்சு மூட்டை மூட்டையா ஏத்துறானே, அவன்ல ஒருத்தனையும் நான் அங்க பாக்கல."

வெளியே வந்தபின் அனுமதியைப் புதுப்பித்துக்கொள்ள வழி இருந்தது. அவர் விண்ணப்பிக்கவில்லை. "மாசத்துக்கு ரெண்டு பேராவது உங்கள மாதிரி வர்றாங்க. இல்லன்னு சொல்லி அனுப்பிட்டு அன்னிக்குச் சாப்பிட மாட்டேன். ஆனா அந்த அலமாரிய திரும்பத் திறக்க எனக்குத் தைரியம் இல்ல."

இப்படிச் சொன்னவர்தான் போனை எடுத்து நாலு இடத்துக்குப் பேசினார். நாலாவது அழைப்பில் கிடைத்தது. மேடவாக்கத்தில், நோய் முற்றியவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற ஒரு சிறிய அமைப்பு. அங்கே அனுமதி இருக்கிறது, மருந்து இருக்கிறது. ஒரு மணிக்குள் போனால் டாக்டரைப் பிடிக்கலாம்.

மதியம் 12.40

கீழ்க்கட்டளையிலிருந்து கோவிலம்பாக்கம் வழியாக மேடவாக்கம் ஐந்து கிலோமீட்டர், மறுபடி ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். பாதி வழியில் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஒரு தையல் கடையின் மாடியில் இரண்டு அறைகள், எட்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். டாக்டர் இளம்பெண். கோப்பைப் படித்து, ரகுபதியோடும் போனில் பேசிவிட்டுப் புதிதாகச் சீட்டு எழுதினார். நேரில் பார்க்காமல் கொடுக்கக் கூடாது, எங்கள் நர்ஸ் உங்களோடு வருவார் என்றார்.

நர்ஸ் கலாவதிக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். உள்ளறையில் இரும்பு அலமாரி, அதற்கு இரண்டு பூட்டு, இரண்டு சாவியும் இரண்டு பேரிடம். மாத்திரைகளை எண்ணி எடுத்து, எண்ணிப் பதிவேட்டில் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கி, டப்பாவை ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். எனக்கு ஒரு ஹெல்மெட் கொடுத்தார்.

"உக்காருங்க சார். இருபது கிலோமீட்டர். டிராஃபிக் இல்லன்னா முக்கால் மணி நேரம்."

இரண்டு மணிக்குக் கிளம்பினோம். செம்பாக்கம், இராஜகீழ்ப்பாக்கம், சேலையூர். தாம்பரம் மேம்பாலத்தில் ஏறியபோது ரகுபதியை அழைத்து, கிடைத்துவிட்டது, வந்துகொண்டிருக்கிறோம் என்று கத்தினேன். அவர் மறுமுனையில் மங்கையிடம், "அண்ணன் வர்றாரு, அண்ணன் வர்றாரு" என்று சொல்வது கேட்டது.

பிற்பகல் 2.50

பெருங்களத்தூரைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தடுப்பு வைத்து வண்டிகளை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். போதைப்பொருள் சோதனை. கலாவதி தானாகவே ஓரம் கட்டி, அடையாள அட்டையையும் அனுமதிச் சான்றின் நகலையும் எடுத்து நீட்டினார். கூடவே ஸ்கூட்டரின் இருக்கையைத் திறந்து டப்பாவையும் காட்டினார். அதை ஒளித்து வைத்துப் பழக்கமில்லாதவர்.

உதவி ஆய்வாளர் லேபிளைப் படித்தார். "மார்ஃபினா?"

"ஆமா சார். கேன்சர் பேஷன்ட். லைசென்ஸ் இருக்கு, பாருங்க. டாக்டர் நம்பர் இருக்கு."

"ஒரு நிமிஷம் இருங்க மேடம்."

அவர் டாக்டரிடம் பேசினார். பிறகு தன் மேலதிகாரிக்குப் பேசினார். மேலதிகாரி யாரையோ கேட்டுச் சொல்கிறேன் என்றாராம். அந்த ஒரு நிமிடம் ஒரு மணி இருபது நிமிடம் ஆனது.

எங்களுக்கு முன்னால் நிறுத்தப்பட்டிருந்தது சாப்பாடு கொண்டுபோகிற ஓர் இளைஞன். அவனுடைய பாக்கெட்டிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்திருந்தார்கள். முதுகுப் பையில் யாருக்கோ போகவேண்டிய பிரியாணி இருந்தது, வாசனை வந்துகொண்டிருந்தது. அவனுடைய போன் விடாமல் அடித்தது. "சார், வேல போயிடும் சார். வூட்ல பொஞ்சாதிக்கு அஞ்சு மாசம் சார். ஒரே ஒரு தபா சார்" என்று அவன் ஒவ்வொரு சீருடையாக மாறி மாறிக் கும்பிட்டான். ஜீப்பில் ஏற்றினார்கள். பையை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு காவலர் அதைச் சாலையோரம் வைத்தார்.

நான் என் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். கருணாகரன் மட்டும் கத்தியிருக்காவிட்டால், அந்தப் பெயரில்லாத அட்டை இப்போது இங்கே இருந்திருக்கும். அந்த இளைஞனுக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பேன். கலாவதியின் அமைப்புக்கு இருந்த அனுமதி போயிருக்கும். அவர் பார்த்துக்கொள்கிற அத்தனை வீடுகளுக்கும் மருந்து நின்றிருக்கும். தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மூன்றே முக்காலுக்கு ரகுபதி அழைத்தார். "எங்க இருக்கீங்க மச்சான்?" என்ற கேள்விக்குப் பின்னாலிருந்து மங்கையின் குரல் வந்தது. வார்த்தை இல்லாத குரல். பக்கத்தில் நின்ற உதவி ஆய்வாளருக்கும் அது கேட்டது.

"யார் சார் அது?"

"என் தங்கச்சி. அவளுக்குத்தான் இந்த மருந்து."

அவர் கையில் இருந்த போனைப் பார்த்தார். அழைப்பு வரவில்லை. "எனக்குத் தெரியுது சார். ஆனா மேலேர்ந்து சொல்லாம விட்டேன்னா நாளைக்கு என்னைக் கேப்பாங்க" என்றார். கடுமையாகச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். காலையில் மருந்துக் கடைக்காரர்கள் முகத்தில் பார்த்ததை அவர் முகத்திலும் பார்த்தேன். அவரையும் அன்று என்னால் வெறுக்க முடியவில்லை. வெறுக்க யாராவது கிடைத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நாலு பத்துக்கு அனுமதி வந்தது. டப்பாவைத் திருப்பிக் கொடுக்கும் முன் அவரும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார்.

மாலை 4.35

கலாவதி செருப்பைக் கழற்றியதும் கையைக் கழுவிவிட்டு நேரே மங்கையிடம் போனார். "அம்மா, என் பேரு கலா. மாத்திர கொண்டுவந்துட்டேன்" என்று கன்னத்தைத் தொட்டுச் சொன்னார். துண்டைக் கையால் எடுத்தார். அதில் ரத்தக் கறை இருந்தது, உதட்டைக் கடித்திருக்கிறாள். ஒரு மாத்திரை, இரண்டு மடக்குத் தண்ணீர். அவ்வளவுதான். அதற்காகத்தான் காலையிலிருந்து அத்தனையும்.

காத்திருந்தோம். ஐந்து மணிக்கு அவள் கை விரல்கள் விரிந்தன. அதுவரை அவை மூடியிருந்ததே அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஐந்து இருபதுக்குக் காலை நீட்டினாள். பிறகு கண்ணைத் திறந்து ரகுபதியைப் பார்த்து, "பனியனோடயா இருக்கீங்க, வெளியாள் வந்திருக்கும்போது" என்றாள்.

ரகுபதி சட்டை போட்டுக்கொள்ளப் போகிறவர்போல் பக்கத்து அறைக்குப் போனார். அவர் அழும் சத்தம் வெளியே வரக்கூடாது என்று மின்விசிறியைப் போட்டுக்கொண்டார். கலாவதி அடுத்த வேளைக்கான நேரங்களை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். டீ குடித்தார். கொளப்பாக்கத்தில் இன்னொரு வீடு இருக்கிறது என்று கிளம்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை, காலை 9.00

திங்கள்கிழமை மங்கையின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்துவிட்டான். நான் ஊருக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. இதை எழுதும்போது மங்கை இல்லை. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு ஏழு வாரம் இருந்தாள். கலாவதி வாரத்துக்கு இரண்டு முறை வந்தார். ஒரு வேளைகூட மாத்திரை தவறவில்லை. கடைசி நாள் அவள் தூக்கத்தில் போனாள். போவதற்கு முந்தின வாரம்வரை மகனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் எல்லாவற்றுக்கும் கட்டளை போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் கலாவதி வந்திருந்தபோது, வாசலில் அவரை நிறுத்தி ஒன்று கேட்டேன். எங்கள் அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். இருபத்தாறு வருடத்துக்கு முன்னால், ஆலங்குடியில், எங்கள் வீட்டுக் கூடத்தில் படுத்திருந்தார். கடைசிப் பன்னிரண்டு நாள் அவர் போட்ட சத்தத்துக்குப் பக்கத்து வீட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். எதிர்வீட்டார் பிள்ளைகளை உறவினர் ஊருக்கு அனுப்பினார்கள். வந்து பார்த்த டாக்டர், இந்த வலிக்கு மருந்து கிடையாது என்று சொல்லிவிட்டு, ஃபீஸ் வாங்காமல் போனார். நாங்களும் அப்படியே நம்பினோம். அன்றைக்கு வரைக்கும் நம்பியிருந்தேன்.

"இந்த மருந்து அப்பவே இருந்துச்சா சிஸ்டர்?"

கலாவதி ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். எப்படிச் சொல்வது என்று யோசித்தார் என்று நினைக்கிறேன். "இது ரொம்பப் பழைய மருந்து சார். நம்ம தாத்தா காலத்துக்கும் முன்னாடியே இருந்தது. நம்ம நாட்டுலயே அபின் விளையுது. சட்டம் வந்த அப்புறம் யாரும் தொட பயந்துட்டாங்க, அவ்ளோதான்" என்றார்.

எங்கள் ஊரான ஆலங்குடியில் இன்று நாலு மருந்துக் கடை இருக்கிறது. நாலிலும் எனக்குப் பழக்கம் உண்டு. இந்த மாத்திரை எதிலும் இருக்காது என்று கேட்காமலே சொல்வேன். தாம்பரத்தைச் சுற்றியாவது, ஒரு நாள் முழுக்க அலைந்தால் மேடவாக்கத்தில் ஒரு மாடிப்படி இருக்கிறது. எங்கள் ஊரில் இன்றும் யாராவது ஒருவர் ஒரு கூடத்தில் படுத்துக்கொண்டு துண்டைக் கடித்துக்கொண்டிருப்பார். வீட்டில் இருப்பவர்கள் இதற்கு மருந்து கிடையாது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள்.

பையை எடுத்துக்கொண்டு மங்கையிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். தலையணையை நிமிர்த்தி வைத்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு இட்லி சாப்பிட்ட தட்டு பக்கத்தில் இருந்தது.

"கெளம்பிட்டீங்களாண்ணே?"

"அடுத்த வாரம் வந்துர்றேன்மா."

போகத் திரும்பியபோது கூப்பிட்டாள். சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணே, அப்பாவுக்கு நாமதான ராவும் பகலும் உக்காந்து கால் புடிச்சுவிட்டோம். அப்ப இந்த மாத்திரை இருந்துச்சா?"

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்கு நன்றாகத் தெரிந்த முகம். விடை சரியாக வரும்வரை விடமாட்டாள்.

"இல்லம்மா" என்றேன். "இது இப்ப வந்ததுதான்."

அவள் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நல்லவேளை" என்றாள்.